சொல்லுக்கு முந்தைய அசைவு

கோர்டாவுக்குப் பிரிஸ்கா முதன்முதலாக அனுப்பிய திருத்தம் ஒரே ஒரு எழுத்து. விளக்கப் பக்கத்தில் யாரோ ஒரு சொல்லைத் தப்பாக எழுதி வைத்திருந்தார்கள். அதைச் சரிசெய்து அனுப்பினாள். மனதில் பெரிய காரியத்தை வைத்துக்கொண்டு வந்தவள் எழுத்துப்பிழையில் ஆரம்பித்தாள் என்றால், அங்கே வழக்கம் அப்படி. கோர்டா யாருக்கும் சொந்தமில்லாத மென்பொருள். பல நாடுகளிலிருந்து பலபேர் சம்பளமில்லாமல் எழுதிச் சேர்த்தது. யாரும் எடுத்துப் படிக்கலாம், நகலெடுக்கலாம், மாற்றிக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் எழுதிய ஒரு வரி அதற்குள் போகவேண்டும் என்றால், நம்பத்தகுந்த ஆள் என்று முதலில் காட்டவேண்டும். சின்னதாக எதையாவது சரிசெய்யுங்கள், அப்புறம் பெரியதைத் தொடுங்கள் என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது.

அவள் வந்தது அண்ணனுக்காக. லியோனுக்குத் தொண்டையில் புற்று. உயிர் தங்கவேண்டுமென்றால் குரல்வளையை எடுத்தாகவேண்டும் என்றார்கள், எடுத்தார்கள். சேந்தன்துறை படகுத் தொழிலாளர் சங்கத்துக்கு அவன்தான் செயலாளர். மைக் பழுதான கூட்டங்களில்கூட கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி பேசியவன். அவன் பேசப்போகிறான் என்றால் ஐஸ் உடைக்கிறவர்கள்கூட வேலையை நிறுத்திவிட்டு வந்து நிற்பார்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் கழுத்துப்பட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். குரல்வளை போனாலும் நாக்கும் தாடையும் இருக்கிறதே. பேச நினைத்து வாயை அசைத்தால் தாடைக்கு அடியில் தசைகளில் மெல்லிய மின்னோட்டம் ஓடும். பட்டை அதைப் படித்து, இன்ன சொல் என்று கண்டுபிடித்து, ஒரு சின்ன ஒலிபெருக்கி வழியாகப் பேசும். அந்தப் பட்டைக்குள் ஓடியதுதான் கோர்டா. ஆங்கிலத்தை அது அழகாகப் பேசியது. தமிழ்தான் அதற்கு வரவில்லை. ல, ள, ழ மூன்றும் அதற்கு ஒன்றுதான்.

வீடு திரும்பிய பிறகு நடந்த முதல் சங்கக் கூட்டத்தில் லியோன் எழுந்து நின்று, நியாயமான கூலி வேண்டும் என்று வாயசைத்தான். நியாயமான கூழ் வேண்டும் என்றது பட்டை. சிரிக்கக்கூடாது என்று எல்லோரும் அடக்கிப் பார்த்தார்கள். முடியவில்லை. லியோனும் சேர்ந்து சிரித்தான். வீட்டுக்கு வந்ததும் பட்டையைக் கழற்றி அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தான். அதற்கப்புறம் யார் என்ன கேட்டாலும் சிலேட்டில் எழுதிக் காட்டினான்.

பிரிஸ்கா நாகர்கோவிலில் ஒரு கம்பெனிக்கு ஆஸ்பத்திரி பில் போடும் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தாள். உடம்பின் மின்னோட்டம் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் நிரல் படிக்கத் தெரியும். கோர்டாவை முழுதாக நகலெடுத்துத் தன் கணினியில் வைத்துக்கொண்டு, வேலை முடிந்த நேரங்களில் வரிவரியாகப் படித்தாள். ஒரு நிலைக்கு வந்ததும், தமிழ்ப் பகுதியில் நிறைய மாற்றம் செய்து அனுப்பினாள்.

பெர்கன் நகரத்தில் இருந்த ஆஸ்ட்ரிட் என்ற அம்மாள்தான் பேச்சுப் பகுதியின் பொறுப்பாளர். அவர் பார்த்துச் சரி என்றால்தான் எதுவும் உள்ளே போகும். மறுநாளே திருப்பி அனுப்பினார். ஐந்து விஷயத்தை ஒன்றாக மாற்றியிருக்கிறீர்கள், ஏதாவது உடைந்தால் எதனால் உடைந்தது என்று எப்படித் தெரியும், பிரித்து அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார். பிரித்து அனுப்பினாள். சோதனை எங்கே என்று கேட்டு மறுபடியும் திருப்பினார். உங்கள் நிரல் சரியாக வேலை செய்கிறது என்று உங்கள் வாயால் சொன்னால் போதாது, நிஜ மனிதர்களின் பதிவுகளை வைத்து அதுவே நிரூபிக்கவேண்டும் என்றார். பிரிஸ்காவுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. காரசாரமாக ஒரு பதில் எழுதி, அனுப்பாமல் அழித்தாள்.

பிறகு பதிவுகளுக்காக அலைந்தாள். அண்ணனை அலமாரியிலிருந்து பட்டையை எடுக்கவைத்தாள். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் குரல்வளை எடுத்தவர்கள் மாதம் ஒருமுறை கூடுவார்கள், அவர்களிடம் கேட்டு வாங்கினாள். மட்டக்களப்பிலிருந்து யோகேஸ்வரி என்ற, குரல்வளை எடுக்கப்பட்ட ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, திட்டத்தின் பக்கத்தில் இவள் எழுதியதைப் படித்துவிட்டுத் தானாகவே பதிவுகளை அனுப்பிவைத்தார். அவருடைய மகளின் பெயர் யாழினி. பட்டை ஒருநாளும் அதைச் சரியாகச் சொன்னதில்லையாம். பிள்ளை சிரிப்பதில்லை, ஆனால் திரும்பிப் பார்ப்பதுமில்லை என்று எழுதியிருந்தார்.

விடை லியோனிடமிருந்துதான் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பதிவு செய்துகொண்டிருந்தபோது சிலேட்டை இழுத்து எழுதினான்: "நான் சொல்றதுக்கு முந்தியே நாக்கு போய் அங்க நின்னுருது பிள்ள. உன் பட்டை அதுக்கப்புறம்தான் முழிக்குது."

அதுதான் விஷயம். வாய் நன்றாக அசைந்த பிறகு வரும் பலமான மின்னோட்டத்தைத்தான் கோர்டா படித்தது. லகரத்துக்கும் ழகரத்துக்கும் உள்ள வித்தியாசம் அதற்கு முன்னால், நாக்கு வளையத் தயாராகும் அந்த நொடிப்பொழுதில், மிக மெல்லியதாக வந்து போய்விடுகிறது. பிரிஸ்கா அந்த மெல்லிய அசைவைப் பிடிக்க எழுதினாள். சோதனைகளோடு அனுப்பினாள். ஆஸ்ட்ரிட் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வாயை அசைக்காமல் சும்மா நினைத்தால்கூட இது சொல்லைப் பிடித்துவிடும் போலிருக்கிறதே. பரவாயில்லையா?"

கதிர்வீச்சில் தாடை இறுகிப் போனவர்களால் வாயை அசைக்கமுடியாது, அவர்களுக்கு இது பெரிய உதவி என்று பிரிஸ்கா பதில் எழுதினாள். அது உண்மை. திருத்தம் உள்ளே போனது. பங்களித்தவர்களின் பெயர்களில் அவள் பெயரும் சேர்ந்தது.

சேந்தன்துறையில் லியோன் மறுபடியும் பேசினான். பழைய குரல் இல்லை, இயந்திரக் குரல்தான். ஆனால் கூலி கூலியாகவே வந்தது. அன்றைக்குக் கூட்டத்தில் லியோனின் மனைவி செலின் மைனி பின்வரிசையில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுததைப் பிரிஸ்கா பார்த்தாள். ஆஸ்ட்ரிட் அவளைத் தமிழ்ப் பகுதிக்கே பொறுப்பாளராக ஆக்கினார். இனி அந்தப் பகுதியில் யார் அனுப்பினாலும் அவள் பார்த்துத்தான் சேர்க்கவேண்டும்.

அடுத்த வருஷம் துறைக்காவல் ஆணையம் கரையை வேலி போட்டு அடைத்தது. கப்பல்களுக்கு மின்னூட்டும் நிலையம் வருகிறது, படகுகள் வடக்கே போகட்டும் என்றார்கள். வடக்கே பாறை. ஒருநாள் விடிகாலையில் வேலி சாய்ந்து கிடந்தது. காவலாளி ஒருவருக்குக் கால் முறிந்திருந்தது. தேடப்பட்டவர்களில் செலினின் தம்பி ஆரோனும் ஒருவன். அவனும் கூட்டாளிகளும் பனங்காட்டுக்குள் இருந்த பழைய சுண்ணாம்புச் சூளையில் பதுங்கியிருந்தார்கள். இடம் தெரிந்த ஒரே ஆள் லியோன்.

லியோனை ஆணையத்தார் விசாரணைக்குக் கூட்டிப் போய் மறுநாள் சாயங்காலம் விட்டுவிட்டார்கள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. அவன் வீடு வந்து சேருவதற்குள் சூளையில் இருந்தவர்களைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஊருக்கு இதைக் கூட்டிக் கழித்துப் பார்க்க ரொம்ப நேரம் ஆகவில்லை. கோயிலில் லியோன் உட்கார்ந்த பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. சங்க அலுவலகத்தின் பூட்டை மாற்றினார்கள். செலின் ஒன்றும் கேட்கவில்லை. துணிமணிகளை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். கேட்டிருந்தால்கூடத் தேவலாம் என்று பின்னால் லியோன் தங்கையிடம் சொன்னான்.

பிரிஸ்கா வந்தபோது அவன் அடுக்களையில் காபி போட்டுக்கொண்டிருந்தான். பட்டை கழுத்தில் இருந்தது.

"நான் வாயத் தொறக்கல பிள்ள," என்றது பட்டை. "மாதா மேல ஆணை."

"அடிச்சாங்களா அண்ணே?"

"தொடக்கூட இல்ல. இந்தப் பட்டையக் கழட்டி வாங்கிட்டு வேற ஒண்ண மாட்டினாங்க. சத்தமே வராத பட்டை. பேசுன்னுகூடச் சொல்லல. ஆரோன் எங்க, ஆரோன் எங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. நான் பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். எதிர்ல இருந்தவன் என் மூஞ்சியப் பாக்கவே இல்ல. கம்ப்யூட்டரையே பாத்துக்கிட்டிருந்தான்."

பிரிஸ்கா பால் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள். அது பொங்கி வழிந்ததை இரண்டு பேருமே கவனித்திருக்கவில்லை. பிறகு தரையில் உட்கார்ந்து அவனுக்கு விளக்கிச் சொன்னாள். வேண்டாம், சொல்லாதே, சூளை என்று சொல்லிவிடாதே என்று அவன் மனதுக்குள் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு தடவையும் நாக்கு அந்தச் சொல்லுக்குப் போய் நின்றிருக்கிறது. அதைப் பிடிக்கத் தெரிந்த நிரல் உலகத்தில் ஒன்றுதான். அதை எழுதியது யார் என்பதையும் சொன்னாள்.

லியோன் பட்டையைத் தடவிப் பார்த்தான். "அப்ப நான்தான் சொல்லியிருக்கேன்," என்றான்.

ஆணையத்துக்குக் கருவி செய்துகொடுத்த கம்பெனி எதையும் திருடவில்லை. கோர்டாவின் உரிமத்தில் ஒரே ஒரு நிபந்தனை உண்டு, எழுதியவர்களின் பெயரைப் போடவேண்டும் என்று. கம்பெனியின் இணையதளத்தில், ஆழத்தில் ஒரு பக்கத்தில், முறையாகப் போட்டிருந்தார்கள். பிரிஸ்காவின் பெயரில் எழுத்துப்பிழைகூட இல்லை.

அவள் ஆஸ்ட்ரிட்டை வீடியோவில் கூப்பிட்டாள். அந்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். உரிமத்தை மாற்றமுடியாதா, போலீஸ் வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு வரி சேர்க்கமுடியாதா என்று பிரிஸ்கா கேட்டாள்.

"மாற்றுவதற்கு இதுவரை எழுதிய அத்தனை பேரும் சம்மதிக்கவேண்டும். சிலர் இறந்தே போய்விட்டார்கள்," என்றார் ஆஸ்ட்ரிட். "மாற்றினாலும் இனிமேல் எழுதப்போவதற்குத்தான் அது பொருந்தும். கொடுத்தது கொடுத்ததுதான் பிரிஸ்கா. யார் கை நல்ல கை என்று பார்த்துக் கொடுத்திருந்தால் உங்கள் அண்ணனுக்கே இது கிடைத்திருக்காது."

கோர்டாவின் நிர்வாகக் குழுவில் வைத்துப் பேசுகிறேன் என்றார். குழு பேச ஆரம்பித்தது. பிரிஸ்காவுக்குப் பொறுமை இல்லை. ஆரோனுக்கு இன்னும் விசாரணைகள் பாக்கி இருந்தன, அவன் வாயைத் திறக்காமலே இன்னும் எத்தனை பேரைக் காட்டிக்கொடுப்பானோ என்று பயந்தாள். அவள் கையில் சாவி இருந்தது. தமிழ்ப் பகுதிக்கு அவள்தானே பொறுப்பாளர்.

லியோனிடம் மட்டும் கேட்டாள். "மெல்லிய அசைவைப் படிக்காத மாதிரி மாத்திட்டா அவங்க பட்டை குருடாயிரும் அண்ணே. ஆனா உன் பேச்சும் பழையபடி ஆயிரும்."

"ஆகட்டும்," என்றான் அவன்.

யோகேஸ்வரியிடம் கேட்கவில்லை. திருநெல்வேலி ஆட்களிடம் கேட்கவில்லை. கேட்டால் விஷயம் வெளியே தெரிந்துவிடும் என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டாள். 'தேவையற்ற இரைச்சலை நீக்குதல்' என்று தலைப்புப் போட்டு மாற்றத்தை எழுதினாள். அதில் தோற்கக்கூடிய சோதனைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். அவள் செய்ததிலேயே மிகச் சுத்தமான வேலை அது. ஆஸ்ட்ரிட் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, நல்லது என்று எழுதினார். இப்போதெல்லாம் அவர் பிரிஸ்காவின் வேலையை வரிவரியாகப் பார்ப்பதில்லை.

புதிய பதிப்பு அந்த வாரமே உலகத்தில் தமிழ் பேசிய எல்லாப் பட்டைகளுக்கும் தானாகப் போய்ச் சேர்ந்தது. கடிதங்கள் வர ஆரம்பித்தன. கிள்ளானில் ஒரு தாத்தா ஓட்டலில் கேட்டது ஒன்று, வந்தது ஒன்று. திருநெல்வேலியில் தாடை இறுகிப்போன ஒரு பெண்ணுக்கு ஒரு சொல்லும் வரவில்லை. பட்டை பழுதா, நான் ஏதாவது தப்பாக மாட்டிவிட்டேனா என்று அவள் கேட்டிருந்தாள். யோகேஸ்வரி புகார் செய்யவில்லை. யாழினி மறுபடியும் திரும்பிப் பார்ப்பதில்லை என்று மட்டும் எழுதினார். பார்க்கிறோம் என்று எல்லோருக்கும் ஒரே பதிலை அனுப்பினாள் பிரிஸ்கா.

மாதக் கடைசியில் ஆரோனின் வக்கீல் பாலசெண்பகம் போன் செய்தார். விசாரணையில் இன்னும் பல பெயர்கள் வெளியே வந்துவிட்டன என்றார். பிரிஸ்காவுக்கு நம்பமுடியவில்லை. புதிய பதிப்பில் அந்தக் கருவி வேலை செய்யாதே என்றாள்.

"புதிய பதிப்பா?" என்றார் வக்கீல். "அவங்க அதைத் தொடவே மாட்டாங்கம்மா. கோர்ட்ல சான்று வாங்கினது போன வருஷத்துப் பதிப்புக்கு. ஒரு வரி மாத்தினாலும் மறுபடி சான்று வாங்கணும். அப்படியே பூட்டி வச்சிருக்காங்க. வெளியில நீங்க என்ன மாத்தினாலும் அவங்களை ஒண்ணும் செய்யாது."

போனை வைத்த பிறகு பிரிஸ்கா எழுந்து போய் முகம் கழுவினாள். பிறகு உட்கார்ந்து ஆஸ்ட்ரிட்டுக்கு முழு உண்மையையும் எழுதினாள். மாற்றத்தைத் திரும்ப எடுத்துவிடுங்கள், பேசமுடியாதவர்களின் வாயைத்தான் கட்டியிருக்கிறேன் என்று கெஞ்சினாள்.

பதில் குழுவின் பெயரில் வந்தது, மரியாதையாக. நீங்கள் செய்த விதம் தவறு, எனவே பொறுப்பிலிருந்து விலக்குகிறோம். ஆனால் செய்த காரியம் சரி. மனிதன் சொல்லாத சொல்லை ஒரு கருவி படிக்கக்கூடாது என்பதை இனி எங்கள் கொள்கையாக வைத்துக்கொள்கிறோம். உங்கள் மாற்றம் அப்படியே நீடிக்கும். கீழே ஆஸ்ட்ரிட் தனியாக ஒரு வரி சேர்த்திருந்தார். "அன்றைக்குக் கேள்வி கேட்டது நான். உங்கள் பதிலோடு விட்டுவிட்டதும் நான்."

கொள்கை நல்ல கொள்கைதான். குழுவினர் இருந்த பெர்கனிலோ சியோலிலோ அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. அவர்கள் மொழிகளுக்கு அந்த மெல்லிய அசைவு தேவையே இல்லை.

ஒரு வழிதான் மிச்சம். கோர்டாவை யாரும் நகலெடுக்கலாம். பழைய பதிப்பை எடுத்துத் தனியாக ஒரு திட்டமாகப் போட்டாள் பிரிஸ்கா. வேண்டியவர்கள் அதைத் தங்கள் பட்டையில் ஏற்றிக்கொள்ளலாம், பங்களிக்க விரும்புகிறவர்கள் இப்படி இப்படி அனுப்பலாம் என்று தமிழிலேயே ஒரு வழிகாட்டி எழுதினாள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். சோதனை இல்லாமல் எதுவும் வேண்டாம்.

முதலில் அண்ணனிடம் கொண்டுபோனாள். அவன் பட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தான். சிலேட்டை எடுத்தான்.

"வேண்டாம் பிள்ள. நான் எதைச் சொல்லல, எதைச் சொன்னேன்னு எனக்கே தெரியமாட்டேங்குது. இது என் வாய் இல்ல."

அவள் வற்புறுத்தவில்லை. செலின் திரும்பி வரவில்லை. கருவிதான் படித்தது, அவன் சொல்லவில்லை என்று பிரிஸ்கா நேரில் போய் விளக்கியபோது, செலின் பொறுமையாகக் கேட்டாள். "அவரு மனசுல இருந்ததுதானே வந்தது," என்றாள்.

தனித் திட்டத்தில் வேலை நிறைய. பழைய பதிப்பு புதுப் பட்டைகளில் சரியாக ஓடவில்லை. ழகரம் பாதி நேரம் தப்பியது. யோகேஸ்வரி தினமும் பதிவு செய்து அனுப்பினார். பிரிஸ்கா ஒருத்தியால் ஈடுகொடுக்க முடியவில்லை. யாராவது உதவிக்கு வரமாட்டார்களா என்று மாதக்கணக்கில் பார்த்தாள். கடைசியில் ஒருவர் வந்தார்.

துஷ்யந்தன் என்று பெயர். மின்னஞ்சல் முகவரி அந்தக் கம்பெனியுடையது. ஆணையத்துக்குக் கருவி செய்துகொடுத்த அதே கம்பெனி. அதை அவர் மறைக்கவும் இல்லை. உங்கள் வேலையின் மீது எங்களுக்கு மிகுந்த மரியாதை உண்டு, அடுத்த கருவிக்காக வேலை செய்யும்போது ழகரத்தில் ஒரு பிழையைக் கண்டோம், எல்லோருக்கும் பயன்படட்டும் என்று திருத்தத்தை அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தார். வழிகாட்டியை நன்றாகப் படித்திருந்தார். ஒரே ஒரு மாற்றம். ஏன் என்பதற்கு நாலு வரி விளக்கம். கூடவே சோதனைக்குப் பதிவுகள்.

பிரிஸ்கா பதிவுகளை ஓடவிட்டாள். யார் யாரோ. அவர்கள் யாருமே வாயைத் திறந்திருக்கவில்லை என்பது மின்னோட்டத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஒரு ஆள் தெரியாது, தெரியாது என்றே சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு பெண் ஒரு தெருவின் பெயரை நினைத்தாள், பிறகு ஐயோ என்றாள். ஒவ்வொன்றுக்குப் பக்கத்திலும், பயிற்சித் தரவு, பெயர் நீக்கப்பட்டது என்று சின்னதாகக் குறித்திருந்தது. நிறுத்திவிட்டு எழுந்து ஜன்னலைத் திறந்து வைத்தாள்.

பிறகு அந்தத் திருத்தத்தை யோகேஸ்வரியின் பதிவுகள்மேல் ஓட்டிப் பார்த்தாள். அத்தனையும் தேறின. இவள் ஆறு மாதமாகத் தேடிக்கொண்டிருந்த இடத்தில் அவர் சரியாகக் கைவைத்திருந்தார். குறை சொல்ல ஒரு வரி கிடைக்குமா என்று தேடினாள். கிடைக்கவில்லை.

இந்தப் பதிவுகளை இங்கே வைத்துக்கொள்ள முடியாது, நீக்கிவிட்டு அனுப்புங்கள் என்று எழுதினாள். அதற்கு மேல் எழுத நினைத்ததையெல்லாம் எழுதி, அழித்தாள். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது.

"நீக்கிவிட்டேன், மேடம். சுட்டிக்காட்டியதற்கு நன்றி. வேறு மாதிரிகள் தேவைப்பட்டால் தயங்காமல் கேளுங்கள். எங்களிடம் நிறைய இருக்கின்றன."

பிரிஸ்கா சேர்த்துக்கொண்டாள். துஷ்யந்தனின் பெயரைப் பங்களித்தவர்களின் பக்கத்தில் தன் பெயருக்குக் கீழே எழுதினாள்.

இரண்டு நாள் கழித்து மட்டக்களப்பிலிருந்து ஒரு பதிவு வந்தது. பின்னால் பாத்திரம் உருளும் சத்தம், ஒரு சேவல். யோகேஸ்வரியின் பட்டை மகளைக் கூப்பிட்டது. என்னம்மா என்று ஒரு பிள்ளைக் குரல் திரும்பிக் கேட்டது. பிரிஸ்கா அதை ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். ழகரம் சுத்தமாக இருந்தது.